நம்மவர் யார்? ‘ஆன்டிகனி’ நாடகத்தின் மனிதர்கள்

கிரேக்கத் துன்பியல் நாடகம் ஒன்றை முதன்முதலாகப் படிக்க எடுப்பவர்கள் பெரும்பாலும் முதல் பக்கத்துப் பாத்திரப் பட்டியலிலேயே தடுக்கிவிடுகிறார்கள். பெயர்கள் வாயில் நுழைவதில்லை, யார் யாருக்கு என்ன உறவு என்பதும் பிடிபடுவதில்லை. அதைவிடப் பெரிய தடை, படிக்கும்போதே நல்லவர் யார், கெட்டவர் யார் என்று தேட ஆரம்பிப்பது. அந்தத் தேடலோடு உள்ளே போனால் பாதி நாடகம் கண்ணில் படாமலே போய்விடும்.

சோபாக்ளிஸ் எழுதிய ‘ஆன்டிகனி’யை வைத்து இதை விளக்கப் பார்க்கிறேன். ஏறக்குறைய கி.மு. 441இல் ஏதென்ஸ் நகரில் அரங்கேறிய நாடகம் இது. மொத்தம் சுமார் 1,350 வரிகள், ஒரே மாலையில் படித்துவிடலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

முதலில் குடும்பத்தைப் பார்த்துவிடுவோம். ஈடிபஸ் தீப்ஸ் நகரத்து அரசன். தெரியாமல் தந்தையைக் கொன்று, தெரியாமல் தாயையே மணந்தவன். அவனுக்கு இரண்டு மகன்கள்; ஆன்டிகனி, இஸ்மெனி என்று இரண்டு மகள்கள். மகன்கள் இருவரும் அரியணைக்காக மோதிக்கொண்டார்கள். எட்டியோக்ளிஸ் நகரத்தைக் காத்து நின்றான். பாலினைசிஸ் ஆர்கோஸ் நாட்டுப் படையைத் திரட்டிக்கொண்டு சொந்த ஊர் மீதே படையெடுத்து வந்தான். ஒருவர் கையால் ஒருவர் செத்தார்கள். எதிரிப் படை இரவோடு இரவாக ஓடிவிட்டது. மறுநாள் விடிகிற நேரத்தில் நாடகம் தொடங்குகிறது.

இப்போது ஆட்சி கிரியோன் கையில். அவன் இறந்துபோன அரசியின் உடன்பிறந்தவன், அதாவது அந்தப் பிள்ளைகளுக்குத் தாய்மாமன். அவன் மகன் ஹீமோனுக்குத்தான் ஆன்டிகனியை நிச்சயம் செய்திருக்கிறார்கள். தமிழில் இதைச் சொல்வது எளிது: ஹீமோன் அவளுக்கு முறைமாப்பிள்ளை. ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்று நீர்த்துப்போகிற உறவு, தாய்மாமன் என்று சொன்னதும் நமக்கு முழு கனத்தோடு வந்து இறங்குகிறது. அந்தக் கனத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்த நாடகத்தைப் படிக்க வேண்டும்.

கிரியோன் பதவிக்கு வந்ததும் ஓர் ஆணை போடுகிறான். நகரத்தைக் காத்த எட்டியோக்ளிஸுக்குச் சகல மரியாதையோடும் அடக்கம். பாலினைசிஸின் உடலை யாரும் புதைக்கக் கூடாது, அவனுக்காக அழக்கூடக் கூடாது. நாய்களும் பறவைகளும் தின்னட்டும். மீறுகிறவர்களைக் கல்லால் அடித்துக் கொல்ல வேண்டும். இறந்தவரைக் கழுவி, ஒப்பாரி வைத்து, மண் தூவி, நீர்க்கடன் ஊற்றுவது கிரேக்கர்களிடையே வீட்டுப் பெண்களின் கடமை. அந்தக் கடன் கழியாவிட்டால் இறந்தவருக்கு அமைதி இல்லை என்பது அவர்கள் நம்பிக்கை. ஆன்டிகனி ஆணையை மீறுகிறாள். கதை அவ்வளவுதான்.

இந்த மனிதர்களைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கிரேக்கச் சொல் போதும் என்று நினைக்கிறேன். ‘ஃபிலோஸ்’. இதற்கு நண்பர், உறவினர், அன்புக்குரியவர் என்றெல்லாம் பொருள். பகைவருக்கு எதிர்ப்பதமாகவும் அதுவே வரும். தமிழில் ‘நம்மவர்’ என்று சொன்னால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். நாடகம் நெடுக ஆளுக்கு ஆள் இந்தச் சொல்லை எடுக்கிறார்கள், ஆளுக்கு ஒரு பொருளில் வைக்கிறார்கள். நம்மவர் யார் என்ற கேள்விக்கு ஒருவர் வைத்திருக்கும் விடை எதுவோ, அதுதான் இந்த நாடகத்தில் அவருடைய குணம்.

கிரியோனிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவனைத்தான் எல்லோரும் அவசரப்பட்டு ஒதுக்குகிறார்கள். அவனுடைய முதல் பேச்சைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். ஆட்சியில் அமர்த்திச் சோதித்தாலொழிய ஒருவனுடைய மனம் தெரியாது என்கிறான். நாட்டைவிட நம்மவரைப் பெரிதாக நினைப்பவனை நான் மதிப்பதில்லை என்கிறான். நகரம் என்ற கப்பல் கவிழாமல் ஓடினால்தான் நமக்கு நம்மவர் என்று யாரும் அமைய முடியும் என்கிறான். உள்நாட்டுப் போரிலிருந்து நேற்று இரவுதான் தப்பித்த ஊரில், ஒரு தலைவன் வேறு என்ன பேச வேண்டும்? கி.மு. 343இல், ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, டெமாஸ்தனிஸ் என்ற பேச்சாளர் தம் அரசியல் எதிரியான எஸ்கினிஸ் மீது வழக்காடும்போது, கிரியோனின் இந்த வரிகளையே நீதிமன்றத்தில் படிக்கச் சொன்னார். எஸ்கினிஸ் முன்பு நடிகராக இருந்தவர், கிரியோன் வேடம் கட்டியவர். மேடையில் இத்தனை முறை சொன்ன வார்த்தைகளை வாழ்க்கையில் மறந்துவிட்டாயே என்று டெமாஸ்தனிஸ் குத்திக்காட்டினார். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் ஏதென்ஸ்வாசிகளுக்கு அந்தப் பேச்சு நல்லாட்சிக்கான இலக்கணமாகவே கேட்டிருக்கிறது.

அவனுடைய ஆணையும் வானத்திலிருந்து குதித்ததல்ல. துரோகிகளின் உடலை ஏதென்ஸ் எல்லைக்குள் புதைக்கக் கூடாது என்று அந்நகரத்திலேயே சட்டம் இருந்தது. எல்லைக்கு வெளியே கொண்டுபோய் உறவினர்கள் அடக்கம் செய்ய அதில் வழி உண்டு. கிரியோன் அந்த வழியையும் அடைத்து, ஊருக்கு அருகிலேயே உடலை அழுகப் போட்டு, காவலும் வைக்கிறான். பார்வையாளர்களுக்குப் பழக்கமான ஒரு நியாயத்தை எடுத்துக்கொண்டு அதில் ஓரடி அதிகம் போகிறான். அந்த ஓரடியைக் கவனிக்க வைப்பதுதான் சோபாக்ளிஸின் திறமை.

எதிரே நிற்பவள் ஆன்டிகனி. விசாரணையில் அவள் எதையும் மறுப்பதில்லை. ஆணை தெரியுமா என்று கேட்டால், தெரியும், ஊருக்கே தெரியுமே என்கிறாள். உன் ஆணையைப் போட்டது தெய்வமல்ல, தெய்வங்களின் எழுதாத சட்டம் இன்று நேற்று வந்ததல்ல, அது எப்போது பிறந்தது என்று யாருக்கும் தெரியாது என்கிறாள். அடுத்து இரண்டே வரிகளில் இருவரும் முட்டிக்கொள்கிறார்கள். பகைவன் செத்தாலும் நம்மவன் ஆகமாட்டான் என்கிறான் கிரியோன். பகையில் பங்குகொள்ள நான் பிறக்கவில்லை, அன்பில் பங்குகொள்ளவே பிறந்தேன் என்கிறாள் அவள். இரண்டு வரியிலும் அதே சொல்தான் ஓடுகிறது. நம்மவர் என்பது நாம் தேர்ந்துகொள்வது என்பது மாமன் கட்சி. அது பிறப்பிலேயே வந்துவிடுகிறது, யாராலும் மாற்ற முடியாது என்பது மருமகள் கட்சி.

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஹெகல், இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது, ஒவ்வொன்றும் தன் பாதியை முழுமை என்று நினைப்பதில்தான் துன்பியல் பிறக்கிறது என்று விளக்கினார். தொடக்கநிலை வாசகருக்கு இது மிக உதவியான விளக்கம். ஆனால் அதிலேயே நின்றுவிடக் கூடாது என்பேன். நாடகத்தின் முடிவில் தராசு அப்படிச் சமமாக நிற்பதில்லை.

பெரியவர்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு இந்த நாடகத்தில் மிகப் பிடித்தவன் பெயரே இல்லாத ஒரு காவலாளி. சடலத்தின் மீது யாரோ மண் தூவிவிட்டார்கள் என்ற செய்தியை அரசனிடம் யார் போய்ச் சொல்வது? காவலர்கள் சீட்டுப் போட்டுப் பார்த்ததில் இவன் மாட்டிக்கொள்கிறான். போவோமா திரும்புவோமா என்று தனக்குத்தானே வாதாடிக்கொண்டே வந்து சேர்கிறான், வந்த பிறகும் விஷயத்தைச் சொல்லாமல் சுற்றி வளைக்கிறான். கிரியோன் இவனைக் காசு வாங்கியவன் என்று திட்டி விரட்டுகிறான். அடுத்த முறை இவன் ஆன்டிகனியைப் பிடித்துக்கொண்டு வருகிறான். துர்நாற்றத்துக்குப் பயந்து காற்று வீசும் பக்கமாக மேட்டில் உட்கார்ந்திருந்தது, உச்சி வெயிலில் புழுதிக்காற்று எழும்பியது, அது அடங்கியபோது குஞ்சில்லாத கூட்டைக் கண்ட பறவை போல ஒரு பெண் கதறிக்கொண்டு நின்றது என்று எல்லாவற்றையும் சொல்கிறான். நாடகத்திலேயே மண்ணும் வெயிலும் நாற்றமும் இவன் பேச்சில்தான் வருகின்றன.

அவன் சொல்லும் கடைசிச் சொற்கள் முக்கியமானவை. தான் தப்பித்தது இனிக்கிறது, ஆனால் நம்மவரைத் துன்பத்தில் தள்ளுவது வலிக்கிறது என்கிறான். ஆம், அவனும் அதே சொல்லைத்தான் எடுக்கிறான். உடனே, என் உயிரைவிட அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறான். கொள்கைக்காகச் சாகிறவளுக்கும் கொள்கைக்காகக் கொல்கிறவனுக்கும் நடுவில், உயிரோடு வீடு போய்ச் சேர நினைக்கும் ஒரு சாதாரண மனிதன். அவன் இல்லாவிட்டால் மற்ற இருவரும் எவ்வளவு உயரத்தில், எவ்வளவு ஆபத்தான உயரத்தில், நிற்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது.

இங்கே மேடை நடைமுறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சோபாக்ளிஸ் காலத்தில் பேசும் பாத்திரங்கள் அனைத்தையும் மூன்றே நடிகர்கள் ஏற்றார்கள். மூவரும் ஆண்கள். முகமூடியை மாற்றிக்கொண்டு வேறு ஆளாக வருவார்கள். காவலாளி வெளியேறும்போது கிரியோனும் ஆன்டிகனியும் மேடையிலேயே நிற்கிறார்கள். சற்று நேரத்தில் அங்கே வருபவள் ஆன்டிகனியின் தங்கை இஸ்மெனி. மூன்றே நடிகர்கள் என்றால், காவலாளியாக நடித்தவர்தான் இஸ்மெனியாகவும் வந்திருக்க வேண்டும். உயிர் தப்பினால் போதும் என்று போனவனும், என்னையும் உன்னோடு சாகவிடு என்று வருபவளும் ஒரே குரல், ஒரே உடல். எண்ணிப் பார்த்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

இஸ்மெனியைக் கோழை என்று சொல்லிக் கடந்து போவது வழக்கம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாடகத்தின் முதல் காட்சி விடியலுக்கு முன் அக்காளும் தங்கையும் தனியாகப் பேசுவது. கிரேக்க மொழியில் ஒருமை, பன்மை தவிர, வடமொழியில் உள்ளதுபோல இருமையும் உண்டு. தொடக்கத்தில் ஆன்டிகனி அந்த இருமையில்தான் பேசுகிறாள், ‘நாம் இருவர்’ என்று. அண்ணனைப் புதைக்க வா என்று கூப்பிடுகிறாள். தங்கை தயங்குகிறாள். அப்பா போனார், அம்மா தூக்கில் தொங்கினாள், இரண்டு அண்ணன்களும் ஒரே நாளில் போனார்கள், மிஞ்சியது நாம் இருவர், நம்மைவிட வலியவர்கள் ஆளும்போது பெண்களாகிய நம்மால் எதிர்த்துப் போராட முடியாது என்கிறாள். ஆன்டிகனி உடனே அவளை வெறுக்கத் தொடங்கிவிடுகிறாள். நீயே கூப்பிட்டாலும் இனி உன்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். அப்போது இஸ்மெனி சொல்லும் பதில்: நீ போவது புத்தியில்லாத காரியம், ஆனாலும் நம்மவர்களுக்கு நீ உண்மையான உறவு.

அன்பில் பங்குகொள்ளவே பிறந்தேன் என்று சொன்ன ஆன்டிகனி, உயிரோடு எதிரே நிற்கும் தங்கையிடம் அந்த அன்பைக் காட்டவில்லை. பின்னால் இஸ்மெனி பழியில் பங்கு கேட்டு வந்தபோதும், வாய்ப்பேச்சில் மட்டும் அன்பு காட்டும் உறவு எனக்கு வேண்டாம் என்று தள்ளிவிடுகிறாள். இறந்தவர் மீது அவளுக்கு இருக்கும் பாசத்தில் நூற்றில் ஒரு பங்கு கூட உயிரோடு இருப்பவர்களுக்கு வாய்ப்பதில்லை. அவள் செய்தது சரி என்று நினைப்பவன் நான். ஆனாலும் அவளை ஒரு தெய்வச் சிலையாக்கிவிட்டால் சோபாக்ளிஸ் எழுதிய பெண் நம் கைக்குக் கிடைக்காமல் போய்விடுவாள்.

அடுத்து வருபவன் ஹீமோன். மகனாக, முறையோடு தொடங்குகிறான். அப்பா, நான் உங்கள் பிள்ளை என்பதுதான் அவனுடைய முதல் சொல். காதலைப் பற்றித் தந்தையிடம் அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஊர் இருட்டில் என்ன முணுமுணுக்கிறது என்று சொல்கிறான், உங்கள் முகத்துக்கு அஞ்சி யாரும் உங்களிடம் சொல்லாத பேச்சு இது என்கிறான். வெள்ளத்தில் வளைந்து கொடுக்கும் மரம் கிளையோடு பிழைக்கிறது, விறைத்து நிற்கும் மரம் வேரோடு போகிறது என்று உவமை சொல்கிறான். கிரியோனுக்கு எரிகிறது. இந்த வயதில் இவனிடமா நான் பாடம் கற்க வேண்டும்? பேச்சு சூடாகிச் சூடாகி, ஒரே ஆளுக்குச் சொந்தமானது நகரமே அல்ல என்கிறான் மகன். நகரம் ஆள்பவனுக்குச் சொந்தம் இல்லையா என்று கேட்கிறான் தந்தை. ஆளில்லாத பாலையில் நீங்கள் தனியாக நன்றாக ஆள்வீர்கள் என்று மகன் முடிக்கிறான்.

இந்த இடத்தில்தான் கிரியோனின் முதல் பேச்சு உடைந்து விழுகிறது. நகரம்தான் நம்மவர் என்று தொடங்கியவன், நகரம் என்றால் நான்தான் என்று வந்து நிற்கிறான். கூடவே, நான் உயிரோடு இருக்கும்வரை ஒரு பெண் என்னை ஆள மாட்டாள் என்ற வீம்பும் சேர்ந்துவிட்டது. அவன் கொள்கை அப்படியே இருக்கிறது, அதற்குள்ளே இருந்த நகரம் போய்விட்டது. நெல்சன் மண்டேலா ராபன் தீவுச் சிறையில் கைதிகள் நடித்த இதே நாடகத்தில் கிரியோன் வேடம் ஏற்றவர். அவனுடைய தொடக்கப் பேச்சுகளில் விவேகம் இருப்பதையும், பின்னால் அவன் இரக்கமற்றுப் போவதையும் தம் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். கொடுங்கோலனாக நடிக்கும்போதும் அவனுடைய நல்ல பாதியை அவர் கவனிக்கத் தவறவில்லை.

கல்லடித் தண்டனையைக் கிரியோன் மாற்றுகிறான். நகரத்துக்குக் கொலைத்தீட்டு வராதபடி கொஞ்சம் உணவு வைத்து, குகைக்குள் உயிரோடு அடைக்கச் சொல்கிறான். குகைக்குப் போகும் வழியில் ஆன்டிகனி அழுகிறாள். பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும், சாகத் துணிந்தவள் ஏன் அழ வேண்டும் என்று. எனக்கு அவள் மிக நெருக்கமாவது இங்கேதான். திருமணப் பாட்டு எனக்கு யாரும் பாடவில்லை, கல்லறையே என் மணவறை என்கிறாள். அங்கே விசித்திரமான ஒரு வாதத்தையும் வைக்கிறாள்: கணவன் இறந்தால் இன்னொருவன் கிடைக்கலாம், பிள்ளை இறந்தால் இன்னொரு பிள்ளை பிறக்கலாம், தாய் தந்தை போன பிறகு இன்னோர் அண்ணன் எனக்கு எங்கே கிடைப்பான்? இந்த வரிகள் பிடிக்காமல், யாராவது இவை இடைச்செருகல் என்று நிரூபிக்க மாட்டார்களா என்று கவிஞர் கோதே ஏங்கினார். ஆனால் அரிஸ்டாட்டில் காலத்திலேயே இவை நாடகத்தில் இருந்தன, அவர் மேற்கோள் காட்டியிருக்கிறார். எழுதாத சட்டத்தைப் பற்றி முன்பு கம்பீரமாகப் பேசியவள், தனியாகச் சாகப் போகும்போது ஒரு கணக்குப் போட்டுத் தன்னையே தேற்றிக்கொள்கிறாள் என்று எனக்குப் படுகிறது. துக்கத்தில் மனிதர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள்.

பார்வையற்ற குறிசொல்லி டைரேசியஸ் வருவது இதற்குப் பிறகு. பலிபீடமெல்லாம் நாயும் பறவையும் கொண்டுவந்து போட்ட சடலத் துணுக்குகளால் தீட்டாகிவிட்டது, தெய்வங்கள் பலியை ஏற்கவில்லை என்கிறார். இறந்தவனை மேலே வைத்திருக்கிறாய், உயிரோடு இருப்பவளைக் கீழே வைத்திருக்கிறாய் என்று சொல்லி, உன் வயிற்றில் பிறந்த ஒன்று அதற்கு ஈடாகப் போகும் என்று எச்சரிக்கிறார். தராசு சாய்வது இங்கேதான். இவரையும் காசுக்கு விலைபோனவர் என்றே முதலில் ஏசுகிறான் கிரியோன். அவனுக்கு எதிராகப் பேசும் எல்லோரும் அவன் கண்ணுக்குக் காசு வாங்கியவர்களாகவே தெரிகிறார்கள்.

அரிஸ்டாட்டில் துன்பியல் நாயகனைப் பற்றிச் சொல்லும்போது ‘ஹமார்ஷியா’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார். பள்ளி, கல்லூரிப் பாடக் குறிப்புகளில் இதை ‘குணக்குறை’ என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது பாதிதான் சரி. அம்பு குறி தவறிப் போவதைச் சொல்லும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. நம் மொழியில் ‘தவறு’ என்ற சொல்லிலும் அதே படம் இருக்கிறது. நாயகன் அயோக்கியனாக இருக்கக் கூடாது, அப்பழுக்கற்றவனாகவும் இருக்கக் கூடாது, இடையில் நிற்கும் ஒருவன் ஒரு பெரிய குறி தவறலால் விழ வேண்டும் என்கிறார். கிரியோனிடம் அதை அப்பட்டமாகப் பார்க்கலாம். கடைசியில் அவன் மனம் மாறுகிறான். என்ன செய்யட்டும் என்று, கோரஸாக நிற்கும் ஊர் முதியவர்களைக் கேட்கிறான். முதலில் போய் அந்தப் பெண்ணை விடுவி, பிறகு சடலத்துக்குக் கல்லறை எழுப்பு என்கிறார்கள். கிரியோன் சடலத்திடம் முதலில் போகிறான். மிஞ்சிய உடலைக் கழுவி, எரித்து, மண்மேடு எழுப்பிவிட்டு, அதன் பிறகுதான் குகைக்குப் போகிறான். அதற்குள் ஆன்டிகனி தன் மெல்லிய துணியால் தூக்கிட்டுக்கொண்டாள். நாடகம் அதைப் பிழை என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. தூதன் வரிசையாக நடந்ததைச் சொல்கிறான், நமக்குத்தான் நெஞ்சு பதைக்கிறது.

குகையில் அவளைக் கட்டிக்கொண்டு கிடந்த ஹீமோன் தந்தையைப் பார்த்ததும் முகத்தில் உமிழ்ந்து, வாளை உருவி வீசுகிறான். குறி தவறுகிறது. அதே வாளைத் தன் விலாவில் பாய்ச்சிக்கொள்கிறான். தெரிந்தே ஒரு செயலுக்குத் துணிந்துவிட்டு அதை முடிக்காமல் விடுவது துன்பியலுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி அரிஸ்டாட்டில் இந்தக் காட்சியைத்தான் உதாரணம் காட்டுகிறார். அவரோடு எனக்கு இங்கே உடன்பாடில்லை. அப்பா, நான் உங்கள் பிள்ளை என்று தொடங்கியவன் அந்த வாளைத் தூக்கிய கணத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. கிரேக்கத்தில் ‘ஹைமா’ என்றால் இரத்தம். அந்த ஒலி அவன் பெயரிலேயே இருக்கிறது, சாவுச் செய்தியைச் சொல்லும் தூதன் இரண்டையும் ஒரே வரியில் அடுத்தடுத்து வைக்கிறான்.

செய்தியைக் கேட்பவள் யூரிடிசி, கிரியோனின் மனைவி. நாடகம் முடியப் போகும் நேரத்தில்தான் அவளைப் பார்க்கிறோம். மொத்தம் ஒன்பது வரிகள் பேசுகிறாள். கெட்ட செய்தி எனக்குப் புதிதல்ல, சொல் என்கிறாள். கேட்டு முடித்ததும் ஒரு சொல் இல்லாமல் உள்ளே போகிறாள். அவளுடைய மௌனம் முதியவர்களைக் கலங்க வைக்கிறது, நம்மையும்தான். உள்ளே பலிபீடத்தின் அருகில், பிள்ளையைக் கொன்றவன் என்று கணவனைச் சபித்துவிட்டுத் தன்னை மாய்த்துக்கொள்கிறாள்.

அந்த முதியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பதினைந்து பேர் கொண்ட கோரஸ் அது, தீப்ஸ் நகரத்துப் பெரியவர்களாக வேடமிட்டு ஆடிப்பாடுகிறவர்கள். அவர்களை ஆசிரியரின் குரல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பயப்படுகிறார்கள், அரசனுக்கு ஒத்து ஊதுகிறார்கள், தாமதமாகப் புரிந்துகொள்கிறார்கள். ஊர் அப்படித்தான் இருக்கும். அவர்கள் பாடும் ஒரு பாட்டு மட்டும் காலம் கடந்து நிற்கிறது. கடலைக் கடந்தான், மண்ணை உழுதான், பேச்சும் எண்ணமும் கற்றான் என்று மனிதனைப் பாடுவது அது. மனிதனைப் போல ‘தெய்னோஸ்’ வேறெதுவும் இல்லை என்று தொடங்கும். அதிசயம் என்றும் அந்தச் சொல்லுக்குப் பொருள், பயங்கரம் என்றும் பொருள். தொல்காப்பியம் மருட்கை என்றும் அச்சம் என்றும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் இரண்டு மெய்ப்பாடுகள் அதில் ஒட்டிப் பிறந்திருக்கின்றன.

அப்படியானால் நாயகர் யார்? பெயர் ஆன்டிகனியுடையது. ஆனால் 943ஆம் வரிக்குப் பிறகு அவள் மேடையில் இல்லை. கடைசி நானூறு வரிகளும் கிரியோனின் வீழ்ச்சிதான். மகன் உடலைக் கையில் ஏந்தி வந்து, மனைவி உடலையும் பார்த்து, என்னை அழைத்துப் போங்கள், நான் ஒன்றுமில்லாதவன் என்கிறான். நான் முதலில் ஆன்டிகனிக்காகப் படித்தேன். இப்போது படிக்கும்போது அவன் மீதும் இரக்கம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

கடைசியாக இஸ்மெனியிடம் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். சடலத்தைத் தொடாதவளைக் கொல்ல வேண்டாம் என்று நடுவிலேயே கிரியோன் விட்டுவிடுகிறான். ஆன்டிகனி குகைக்குப் போகும்போது, அரச குடும்பத்தில் மிஞ்சிய ஒரே பெண்ணைப் பாருங்கள் என்று தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறாள். தங்கை அவள் கணக்கில் இல்லை. அதன் பிறகு அரண்மனையில் சாவு மேல் சாவு விழுகிறது, தூதர்கள் ஓடி வருகிறார்கள், பெரியவர்கள் புலம்புகிறார்கள். ஈடிபஸின் நான்கு பிள்ளைகளில் உயிரோடு இருக்கும் ஒருத்தி அந்தச் சுவர்களுக்குள் எங்கோ இருக்கிறாள். அவள் பெயரை யாரும் எடுப்பதில்லை.